மூணு மாசத்துக்கு ஒரு ஊசி

நோன்பு மாதத்தில் காரைக்கால் பக்கம் போக நேர்ந்தால், சாயங்காலம் யாராவது ஒரு நண்பர் வீட்டில் ஆஜராகிவிடுங்கள். கஞ்சி, வடை, சமோசா எல்லாம் வந்தபிறகு ஒரு தட்டு வரும். ரோஸ் கலரிலோ பால் வெள்ளையிலோ சதுரம் சதுரமாக வெட்டிய கடல்பாசி. விரலால் லேசாகத் தட்டினால் நடுங்கும். நாக்கில் வைத்தால் பல்லுக்கு வேலை இல்லை. மளிகைக் கடையில் 'சைனா கிராஸ்' என்று விற்கிறார்களே, அந்தக் காய்ந்த வெள்ளை இழைதான். ஒரு சின்னக் கைப்பிடியைக் கொதிக்கவிட்டு, சர்க்கரை சேர்த்து ஆறவைத்தால், பாத்திரத்துத் தண்ணீர் அத்தனையையும் கட்டிப்போட்டுவிடுகிறது. தட்டில் இருப்பதில் பெரும்பங்கு தண்ணீர்தான். ஆனால் ஓடாது.

இந்த மாதிரி ஓடாத தண்ணீருக்கு ஹைட்ரோஜெல் என்று பெயர். ஜெல்லுக்குத் தமிழில் களி என்று சொல்லலாம். நமக்குக் களி என்றால் திருவாதிரையும் ஜெயிலும்தான் ஞாபகம் வருகின்றன என்பதால் ஜெல்லி என்றே வைத்துக்கொள்வோம். ராத்திரி ஊறப்போட்டால் காலையில் டம்ளர் நிறைய உப்பி நிற்கிற பாதாம் பிசின் இந்தக் குடும்பம். சப்ஜா விதையைச் சுற்றி வழவழவென்று இருக்குமே, அதுவும். குழந்தையின் டயாபருக்குள் இருப்பது, உங்கள் பெண் கண்ணில் போட்டிருக்கும் கான்டாக்ட் லென்ஸ், எல்லாம் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள்.

உள்ளே என்ன நடக்கிறது? காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில் வலை பின்னிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருந்தால் சுலபமாகப் புரியும். பாலிமர் என்கிற நீள நீளமான மூலக்கூறுகள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டு முப்பரிமாணத்தில் ஒரு வலை. வலையின் கண்களுக்குள் தண்ணீர் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தத் தண்ணீரில் மருந்தைக் கரைத்து வைத்தால் மருந்து மூலக்கூறுகளும் உள்ளே அலைந்துகொண்டிருக்கும். கண் பெரிசாக இருந்தால் சீக்கிரம் தப்பித்துப் போகும். பொடிக்கண்ணாக இருந்தால் முட்டி மோதி, வழி தேடி, ஒவ்வொன்றாக வெளியே வரும். கண் எவ்வளவு சின்னது என்றால் மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு என்கிற மாதிரிக் கணக்கு. கண்ணின் அளவை மாற்றலாம். மருந்தையே வலையில் லேசாக ஒட்டவைக்கலாம். அல்லது வலையே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும்படி செய்யலாம். இப்படிச் செய்தால் இன்று போட்ட மருந்து நாளைக்கும் அடுத்த வாரத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் தவணை முறையில் வந்துகொண்டிருக்கும்.

சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது. இதில் இரண்டு தொல்லை. முதல் நாளே பாதி மருந்து திபுதிபுவென்று வெளியே வந்துவிடுவது ஒன்று. இன்னொன்று, உடம்பின் சந்தேகப் புத்தி. காலில் ஒரு கருவேல முள் ஒடிந்து நின்றுவிட்டால் மூன்றாம் நாள் சீழ் வைத்து வெளியே தள்ளப் பார்க்கிறதல்லவா? அந்நியப் பொருள் எதைக் கண்டாலும் உடம்புக்கு ஆகாது. அந்த உடம்பு ஆட்சேபிக்காத பொருளாக இருக்க வேண்டும். ஜெல்லியின் அனுகூலம் இங்கேதான். நம் சதையும் ஏறக்குறைய இதே மாதிரி ஈரமான, மெத்தென்ற சமாசாரம். அதனால் அதை உள்ளே விட்டால் உடம்பு அவ்வளவாக அலட்டிக்கொள்வதில்லை.

இதை முதலில் யோசித்தவர் ஓட்டோ விக்டர்லே என்கிற செக்கோஸ்லோவாகியாக்காரர். 1952-ல் ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது பக்கத்து ஸீட் ஆசாமி கண்ணுக்குள் உலோகம் பொருத்துவது பற்றிய கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தார். உலோகம் எதற்கு, தண்ணீர் குடிக்கிற பிளாஸ்டிக் ஒன்று இருந்தால் தேவலையே என்று பேச்சு ஆரம்பித்தது. சகா ட்ராஹோஸ்லாவ் லிம்மோடு சேர்ந்து அப்படி ஒரு பொருளைச் செய்து 1960-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். அதற்குள் அரசியல் காரணங்களுக்காகப் பல்கலைக்கழக வேலை போயிருந்தது. அதை வைத்து லென்ஸ் செய்கிற முயற்சிக்கு மேலிடத்தின் ஆதரவும் போயிற்று. மனுஷர் விடவில்லை. 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டு மேஜையில், பையனின் மெர்க்கூர் பொம்மை செட்டை (நம் ஊர் மெக்கானோ மாதிரி) எடுத்து, சைக்கிள் டைனமோவை மோட்டாராக்கிச் சுழலவிட்டு, உலகத்தின் முதல் மெத்தென்ற கான்டாக்ட் லென்ஸுகளைச் செய்துவிட்டார். கூட ஒத்தாசை செய்தது அவர் மனைவி. அந்தப் பொருளின் பெயர் சுருக்கமாக ஹெமா. (பக்கத்து வீட்டுப் பெண் பெயர் போல இருப்பதால் மறக்காது.) பின்னால் மறுபடி வருவாள், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பாலிமருக்குள் பெரிய மூலக்கூறுகளை அடைத்து மெதுவாக வெளியே விட முடியும் என்று 1976-ல் காட்டியவர்கள் ராபர்ட் லாங்கரும் ஜூடா ஃபோக்மனும். அதெல்லாம் நடக்காது என்று விஷயம் தெரிந்தவர்களே சொன்னார்கள். லாங்கரின் முதல் ஒன்பது நிதி விண்ணப்பங்கள் திரும்பி வந்தன என்று அவரே சொல்லியிருக்கிறார். புற்றுநோய்க் கட்டிக்கு ரத்தம் போகிற வழியை அடைக்க ஃபோக்மன் ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்காகத்தான் இந்த வேலையே தொடங்கியது.

புற்றுநோய் என்றதும் நான் காரைக்காலுக்குத் திரும்பியாக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் அந்த வியாதியின் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். "அவங்க அடையாறு போயிட்டு வராங்க" என்றால் போதும், கேட்டவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார். 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் பன்னிரண்டு படுக்கையோடு அடையாறில் ஆரம்பித்த ஆஸ்பத்திரி, டெல்டா முழுக்க ஒரு வியாதியின் செல்லப்பெயராகிவிட்டது. (அதே 1954-ல்தான், நவம்பர் ஒண்ணாம் தேதி, பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போனார்கள்.)

என் சித்தி அடையாறு போகவில்லை. பாண்டிச்சேரி போனாள். காரைக்கால் என்பது சுற்றிலும் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல் என்று சுமார் 160 சதுர கிலோமீட்டரில் தனியாக உட்கார்ந்திருக்கிற புதுச்சேரி மாநிலத் துண்டு. எதற்கும் தலைநகரம் போக வேண்டும். தலைநகரம் 130 கிலோமீட்டர். காரைக்காலில் ஏறினால் தரங்கம்பாடி, திருக்கடையூர், சீர்காழி, கொள்ளிடம், சிதம்பரம், கடலூர் என்று சொந்த மாநிலத்தை விட்டு வெளியே போய், அடுத்த மாநிலத்தைக் குறுக்கே கடந்து, மறுபடி சொந்த மாநிலத்துக்குள் நுழைய வேண்டும். பஸ்ஸில் நாலு மணி நேரம்.

சித்திக்கு மார்பில் கட்டி. ஆபரேஷன் முடிந்து, 21 நாளைக்கு ஒரு முறை கீமோ. மொத்தம் எட்டு. முதல் நாலு தடவை சிவப்பு மருந்து. டாக்ஸோரூபிசின் என்று பெயர். ரத்னா கபே சாம்பார் மாதிரி பளபளவென்று சிவப்பாக டியூபில் இறங்கும். மறுநாள் சிறுநீரும் அதே நிறத்தில் போகும். மண்ணில் வாழ்கிற ஒரு நுண்ணுயிரிடமிருந்து கிடைத்த மருந்து. பல்கிப் பெருகுகிற செல்லைக் கண்டால் கொல்லும். புற்றுச் செல் பெருகுகிறது, சரி. தலைமுடியின் வேரில் இருக்கிற செல்லும் பெருகுகிறது, குடலின் உள்தோலும் எலும்பு மஜ்ஜையும் பெருகுகின்றன. மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியாது. இதயத்தையும் பதம் பார்க்கும். அதனால் இதை ஒருவருக்கு ஆயுளுக்கு இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று ஒரு உச்சவரம்பே உண்டு.

இரண்டு தடவை கூடப் போயிருக்கிறேன். போகும்போது ஒன்றும் தெரியாது. சித்தி திருக்கடையூர் தாண்டும்போது அபிராமிக்கு ஒரு கும்பிடு போடுவாள். திரும்பி வருகிற பஸ்தான் கஷ்டம். ஜன்னலோர ஸீட், கையில் நகத்தால் கீறிய எலுமிச்சம்பழம், மடியில் பாலிதீன் பை. கண்ணை மூடிக்கொண்டே "கொள்ளிடம் பாலம் வந்தாச்சா?" என்று கேட்பாள். சிதம்பரமே வந்திருக்காது. சித்தப்பா அன்றைக்குக் கடையை அடைத்துவிட்டுக் கூட வந்திருப்பார். அவர் பதில் சொல்லாமல் விசிறிக்கொண்டிருப்பார்.

எட்டு கீமோவுக்கு எட்டு தடவை என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் முதலில் ரத்தப் பரிசோதனை. வெள்ளை அணுக்கள் குறைவாக இருந்தால் அன்றைக்கு மருந்து ஏற்ற முடியாது, ஏற்றினால் ஆபத்து. "கவுண்ட் கம்மியா இருக்கும்மா, அடுத்த வாரம் வாங்க." அப்படி இரண்டு தடவை ஆனது. ஆக, பத்து போக்குவரத்து, 2,600 கிலோமீட்டர். நேர்க்கோட்டில் விட்டிருந்தால் டெல்லியே வந்திருக்கும். சித்தியின் கணக்கு வேறு. "இம்புட்டுத் தூரத்துக்குக் காசிக்குப் போயிருந்தா புண்ணியமாச்சும் கெடைச்சிருக்கும்டா."

தரங்கம்பாடியில் ஏறுகிற ஒரு பெண் இருந்தாள். முப்பத்தைந்து வயசு இருக்கும். அதே ஆஸ்பத்திரி, அதே நாள். ஃப்ளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுவந்து சித்திக்கும் ஊற்றிக் கொடுப்பாள். நாலாவது தடவைக்குப் பிறகு அவளைக் காணவில்லை. ஐந்தாவதுக்கும் இல்லை. விசாரித்ததில், செத்துப்போகவில்லை, வருவதை நிறுத்திவிட்டாள் என்று தெரிந்தது. கட்டி சுருங்கிவிட்டது, இனி எதற்கு இந்த அலைச்சல் என்று வீட்டில் முடிவெடுத்துவிட்டார்களாம். அதற்கப்புறம் என்ன ஆனாள் என்று தெரியாது.

அதே பஸ்ஸில் இன்னொருவரும் வந்தார். பக்கத்துத் தெரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பிரான்ஸிலிருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். எழுபத்தெட்டு வயசிலும் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. அவருக்குப் புராஸ்டேட். சித்தியின் பத்து பயணத்தில் அவர் வந்தது இரண்டே தடவை. சித்திக்கு ஆச்சரியம்.

"ஏண்ணே, நீங்க மட்டும் எப்பவோ ஒருதடவை வர்றீங்க?"

"எனக்கு மூணு மாசத்துக்கு ஒரு ஊசிதான் தங்கச்சி. வயித்துல போட்டு அனுப்பிடுவாங்க."

அந்த வயிற்று ஊசியின் பெயர் கோசரலின். அதில் இருப்பது அரிசி மாதிரி ஒரு சின்னக் குச்சி. தோலுக்கடியில் வைத்துவிட்டால் பாலிமர் மெல்லக் கரைந்து, பன்னிரண்டு வாரத்துக்கு மருந்தைத் தவணையில் விட்டுக்கொண்டிருக்கும். அது ஆண் ஹார்மோன் சுரப்பதை நிறுத்தும். அந்த ஹார்மோனைத் தின்று வளர்கிற புற்றுநோய் பட்டினி கிடக்கும். லியூப்ரோலைட் என்று இன்னொரு மருந்தில் ஒரு மாத ஊசி, மூன்று மாத ஊசி, ஆறு மாத ஊசி என்று செல்போன் ரீசார்ஜ் மாதிரி பிளான்கள் உண்டு. கறாராகச் சொன்னால் இவை ஜெல்லி இல்லை, கரைகிற பிளாஸ்டிக். சூத்திரம் ஒன்றுதான்.

அசல் ஜெல்லியும் இருந்தது. மறுபடி வருவாள் என்று சொன்னேனே, அந்த ஹெமா. விக்டர்லே கண்ணில் வைத்த அதே சரக்கையும் அதன் சகோதரி ஒன்றையும் கலந்து மூன்றரை சென்டிமீட்டர் குழாயாக்கி, உள்ளே ஹிஸ்ட்ரலின் என்ற மருந்தை 50 மில்லிகிராம் அடைத்து, கை மேல்தோலுக்கடியில் வைத்தால் தினம் 50 மைக்ரோகிராம் வீதம் ஒரு வருஷம் வரும். வான்டாஸ் என்று பெயர். அமெரிக்காவில் 2004-ல் அனுமதித்தார்கள். வருஷத்துக்கு ஒரே நாள் ஆஸ்பத்திரி! நம் சொல்தாவுக்குக் கிடைத்திருந்தால் தீபாவளிக்குத் தீபாவளி போய்வந்திருப்பார். 2021-ல் கம்பெனி அதை நிறுத்திவிட்டது. நல்ல பொருள் என்பதற்காக ஒன்று மார்க்கெட்டில் நீடிக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. பழைய ஸ்கூட்டர்க்காரர்களைக் கேளுங்கள்.

இன்னொரு ஜெல்லி இன்னும் விசேஷம். கடல்பாசி சூட்டில் உருகும், குளிரில் உறையும். இது நேர் எதிர். ஐஸில் வைத்தால் தண்ணீர், உடம்புச் சூட்டில் ஜெல்லி. சிறுநீரகத்திலிருந்து இறங்குகிற குழாயின் மேற்பகுதியில் வருகிற ஒரு வகைப் புற்றுநோய்க்கு மருந்தைத் தண்ணீரில் கரைத்து விட்டால், சிறுநீர் அதை உடனே அடித்துக்கொண்டு போய்விடுகிறது. ஜில்லென்ற ஜெல்லியில் மைட்டோமைசினைக் கலந்து விட்டார்கள். உள்ளே போனதும் கெட்டியாகி அங்கேயே உட்கார்ந்து, சில மணி நேரத்தில் கரைந்து போகிறது. ஜெல்மிட்டோ என்று 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வாரம் ஒன்று, ஆறு வாரம். பரிசோதித்த 71 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் போனது. அவர்களில் பலர் இல்லாவிட்டால் ஒரு சிறுநீரகத்தையே இழந்திருக்க வேண்டியவர்கள். பக்கவிளைவு இல்லாமல் இல்லை; சிறுநீர்க்குழாய் சுருங்கிப்போகிற தொந்தரவு கணிசமான பேருக்கு வந்தது. அதே வழியில் சிறுநீர்ப்பைக்கு ஒன்று 2025-ல் வந்திருக்கிறது.

இதெல்லாம் வெளிநாட்டு விவகாரம் என்பீர்கள். 2025 ஆரம்பத்தில் நம் பேப்பர்களிலும் ஒரு செய்தி வந்தது. குவாஹாட்டி ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் தேபப்ரதிம் தாஸ் குழுவினரும் கொல்கத்தா போஸ் இன்ஸ்டிட்யூட் குல்தீப் ஜனா குழுவினரும் சேர்ந்து ஒரு ஜெல்லி செய்திருந்தார்கள். புரதத்தின் துண்டு துணுக்குகளால் பின்னிய வலை. அதற்குள் நம் பழைய சிவப்பு மருந்து. கட்டிக்குப் பக்கத்தில் ஊசியால் விட்டுவிட வேண்டியது. புற்றுச் செல்களுக்குள் குளூட்டாதயோன் என்ற பொருள் சாதாரணச் செல்களைவிட அதிகம். அதைக் கண்டால்தான் வலை அவிழ்ந்து மருந்தை விடும். மற்ற இடத்தில் வாயைத் திறக்காது. மார்பகப் புற்றுநோய் வைத்த எலிகளுக்கு ஒரே ஊசி போட்டதில் 18 நாளில் கட்டி ஏறக்குறைய 75 சதவிகிதம் சுருங்கியது. மற்ற உறுப்புகளுக்குச் சேதம் தெரியவில்லை.

அந்தச் செய்தியை யாரோ "கீமோவுக்கு குட்பை! ஒரே ஊசியில் கேன்ஸர் காலி!!" என்று வாட்ஸ்அப்பில் அனுப்ப, அது ஊரெல்லாம் சுற்றிச் சித்திக்கு வந்து, சித்தி எனக்கு அனுப்பிவிட்டு உடனே போன் செய்தாள். சித்தி நன்றாக இருக்கிறாள். முடியெல்லாம் முன்னைவிடச் சுருட்டையாக வளர்ந்துவிட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை செக்கப்போடு சரி.

"ஏன்டா, இந்த ஜெல்லி அப்பவே இருந்திருந்தா எனக்கு அந்தப் பஸ்ஸே வேணாமில்ல?"

ஆமாம் சித்தி என்று சொல்லியிருக்கலாம். சந்தோஷப்பட்டிருப்பாள். எனக்குத் தெரிந்த புற்றுநோய் டாக்டர் ஒருவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "உங்க சித்திக்கு கீமோ குடுத்தப்போ கட்டி எங்க இருந்தது?"

யோசித்துப் பாருங்கள். ஆபரேஷனில் கட்டியை எடுத்தாயிற்று. கட்டியே இல்லாதபோது எதற்கு கீமோ? கட்டியிலிருந்து நழுவி ரத்தத்தில் ஏறி, எலும்பிலோ ஈரலிலோ நுரையீரலிலோ ஒளிந்திருக்கக்கூடிய, எந்த ஸ்கேனிலும் தெரியாத ஒன்றிரண்டு செல்களைத் தேடிப் பிடிக்க. அவை எங்கே இருக்கின்றன, இருக்கின்றனவா என்பதே தெரியாது. அதனால் மருந்து உடம்பு பூராவும் போய்த்தான் ஆக வேண்டும். எந்தக் குணத்துக்காக நாம் சிவப்பு மருந்தைத் திட்டுகிறோமோ அந்தக் குணம்தான் சித்திக்கு வேண்டியிருந்தது. ஓரிடத்தில் உட்கார்ந்துகொள்கிற ஜெல்லிக்கு ஊர் ஊராகத் தேடுகிற வேலை வராது. கட்டி ஓரிடத்தில் நிற்கும்போது, அதை ஆபரேஷனுக்கு முன்னால் சுருக்குவதற்கு, அல்லது எடுத்த இடத்தில் மிச்சம் மீதி முளைக்காமல் பார்த்துக்கொள்வதற்கு ஜெல்லி உதவலாம். சித்தியின் எட்டு கீமோவுக்குப் பதிலாக அதைப் போட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் டாக்டர் சொன்னார். எலிக்கும் மனுஷிக்கும் நடுவில் கிடக்கிற தூரம். எலியின் கட்டி சோதனைச்சாலையில் வைத்துப் பதினைந்து இருபது நாளில் வளர்த்தது. மனுஷிக்கு அது வருஷக்கணக்கில் உள்ளேயே வேர்விட்டது. பழைய உதாரணம் ஒன்று உண்டு. பேக்லிடாக்ஸல் என்ற மருந்தை உடம்புச் சூட்டில் இறுகுகிற ஜெல்லியில் கலந்து ஆங்கோஜெல் என்று தயாரித்தார்கள். விலங்குகளில் பிரமாதமாக இருந்தது. உணவுக்குழாய்ப் புற்றுநோய் வந்த மனிதர்களுக்கு, வழக்கமான கீமோ, கதிர்வீச்சோடு சேர்த்துக் கட்டிக்குள்ளேயே விட்டுப் பார்த்தபோது கூடுதல் பலன் ஒன்றும் தெரியவில்லை. மூட்டை கட்டிவிட்டார்கள். இதனால் குவாஹாட்டிக்காரர்களின் வேலை மட்டம் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம். நல்ல வேலை. இன்னும் பல வருஷத்து வேலை பாக்கி இருக்கிற நல்ல வேலை.

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது, நம்பிக்கையைக் கெடுக்கிறேன் என்று. எனக்குத் தரங்கம்பாடிப் பெண் ஞாபகம் வருகிறாள். நாலாவது கீமோவில் களைத்துப்போய், வீட்டில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கும் ஒருத்தியின் போனில் "கீமோவுக்கு குட்பை" வந்து விழுந்தால் என்ன ஆகும்? கொஞ்ச நாள் பொறுத்தால் அந்த ஊசியே வந்துவிடும் என்று அவள் வீட்டு ஆண்கள் சொல்வார்கள். ஃபார்வர்ட் பண்ணுவதற்கு முன்னால் எலியா மனுஷனா என்று மட்டும் பார்த்துவிடுங்கள், அவ்வளவுதான் நான் கேட்பது.

காரைக்காலுக்கு இதில் ஒரு பங்கு உண்டு என்று எனக்கு ஒரு ஆசை. துறைமுகத்தில் இறால் உரிக்கிற இடத்துக்குப் போனால் தலையும் ஓடும் குவியலாகக் கிடக்கும். நாற்றம் தாங்காது. அந்த ஓட்டில் கைட்டின் என்று ஒரு பொருள் இருக்கிறது. 1811-ல் காளானிலிருந்து அதை முதலில் பிரித்தெடுத்த ஹென்றி பிராகனோவும், 1859-ல் அதைக் கைட்டோசான் என்று கரைகிற பொருளாக மாற்றிய சார்ல்ஸ் ரூஜேயும் பிரெஞ்சுக்காரர்கள். 1859-ல் காரைக்காலும் பிரெஞ்சுக்காரர்கள் கையில்தான் இருந்தது. இறால் ஓட்டைப் பற்றி அவர்கள் இங்கே யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. இன்றைக்கு உலகமெங்கும் மருந்து விடுகிற ஜெல்லி செய்கிற ஆராய்ச்சிக்கூடங்களில் கைட்டோசான் ரொம்பப் பிரபலம். உடம்புக்கு உறுத்துவதில்லை, உடம்புக்குள்ளேயே மெல்லச் சிதைந்துபோகிறது, விலையும் கொள்ளை இல்லை. திருவேட்டக்குடியில் என்.ஐ.டி. இருக்கிறது, ஊரிலேயே ஜிப்மரின் கிளை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நடுவில் துறைமுகம். மூன்று பேரையும் யாராவது ஒரு மேஜையில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுக்கலாம்.

அது நடக்கிறபோது நடக்கட்டும். பஸ் டிக்கெட்டைக் குறைக்க ஜெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 2025 பிப்ரவரி மத்திய பட்ஜெட்டில், எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் மூன்று வருஷத்துக்குள் பகல்நேரப் புற்றுநோய்ச் சிகிச்சை மையம், முதல் வருஷத்தில் 200 என்று அறிவித்தார்கள். காலையில் போய் கீமோ ஏற்றிக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். பெரிய ஆஸ்பத்திரியில் திட்டத்தைப் போட்டுக் கொடுத்தால், மருந்தைப் பக்கத்திலேயே ஏற்றலாம். கொள்ளிடம் பாலம் வந்துவிட்டதா என்று கேட்கத் தேவையிருக்காது. காரைக்காலும் ஒரு மாவட்டம்தான். அங்கே எப்போது வருகிறது என்று கேட்கிற வேலையை எம்.எல்.ஏ.க்களுக்கு யாராவது ஞாபகப்படுத்தலாம்.

உங்கள் வீட்டில் யாராவது மாசாமாசம் ஹார்மோன் ஊசிக்காக வெளியூர் போய்க்கொண்டிருந்தால், அடுத்த தடவை டாக்டரிடம் "இதுல மூணு மாச ஊசி எங்களுக்கு ஒத்துவருமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். எல்லாருக்கும் ஒத்துவராது. சிலருக்கு மாத ஊசிதான் சரி, அதற்குக் காரணம் இருக்கும். விலையும் ஒரு விஷயம். ஆனால் 130 கிலோமீட்டரிலிருந்து வருகிறோம் என்பது டாக்டரின் கேஸ் ஷீட்டில் சாதாரணமாக எழுதியிருக்காது. சொல்தா முதலில் மாத ஊசியில்தான் இருந்தார். ஒரு நாள் டாக்டரிடம் பஸ் டிக்கெட்டை எடுத்துக் காட்டினாராம்.